மார்கழியில் கைக்குழந்தையோடு சேர்வராயன் மலைக்கு

என் பிறந்த வீடு சேர்வராயன் மலையில், ஏற்காட்டுக்கு அப்பால், நாகலூர் பக்கம். பஸ்ஸை விட்டு இறங்கிக் காபித் தோட்டத்துக்குள் அரை மணி நேரம் நடக்கணும். பழம் பறிக்கிற மார்கழியில்தான் எனக்கு அங்கே போக வாய்க்கும். போன வருஷம் ஒன்றரை வயது மகளைத் தூக்கிக்கொண்டு போனேன். இந்த வருஷம் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு. ஏற்காடு 1500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும் என்பதால், ஒரு மணி நேரப் பயணத்தில் ஏழெட்டு டிகிரி இறங்கிவிடும். வீட்டிலேயே ஸ்வெட்டர், குல்லா எல்லாம் மாட்டிவிட்டுக் கிளம்பாதீர்கள். அடிவாரம் வருவதற்குள் குழந்தை வேர்த்து நனைந்துவிடும், அந்த ஈரத்தோடுதான் குளிருக்குள் போகும். கீழே சேலத்தில் இருக்கும்வரை பருத்திச் சட்டை மட்டும் போதும். மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவு. பத்தாவது வந்ததும் ஸ்வெட்டர் போடுங்கள்.

கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே இட்லி கொடுத்துவிடுங்கள், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். முன் இருக்கையில் உட்காருங்கள். என் மகள் பன்னிரண்டாவது வளைவில் வாந்தி எடுத்தாள். மாற்றுத்துணிப் பை பஸ்ஸின் பின்பக்கம் மூட்டைகளுக்கு அடியில் கிடந்தது. ஏற்காடு போய்ச் சேரும்வரை நனைந்த சட்டையோடு என் மடியில் நடுங்கினாள். இரண்டு சட்டை, ஒரு துண்டு, ஒரு பிளாஸ்டிக் பை, இவை கைப்பையில்தான் இருக்கணும்.

மதியத்துக்குள் மேலே போய்விடுங்கள். சாயங்காலம் மஞ்சு (மூடுபனி) இறங்கினால் தோட்டத்துப் பாதையில் பத்தடி தூரத்தில் வருகிற ஆள்கூடத் தெரியாது. மழையே இல்லாவிட்டாலும் சில்வர் ஓக் இலைகளில் மஞ்சு கோத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகத் தலையில் விழும். கம்பளி அதை உறிஞ்சிக் கனத்துவிடும். மேலே குடை பிடியுங்கள், பிளாஸ்டிக் தாளால் குழந்தையைப் போர்த்தாதீர்கள்.

நடக்கும்போது இன்னொன்று. மேடு ஏறுகிற நமக்கு வேர்க்கும், இடுப்பில் சும்மா உட்கார்ந்திருக்கிற குழந்தைக்குக் குளிரும். நம் உடம்பை வைத்து அதன் உடம்பைக் கணிக்கக் கூடாது. கை கால் சில்லென்றுதான் இருக்கும், அதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். பிடரியில் உள்சட்டைக்குள் இரண்டு விரலை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக, உலர்ந்திருந்தால் சரி. பிசுபிசுத்தால் ஒரு உடுப்பைக் குறையுங்கள். சில்லிட்டிருந்தால் அங்கேயே நின்று, உலர்ந்த துணி மாற்றி, நெஞ்சோடு நெஞ்சாக அணைத்துப் பழைய நூல் சேலையால் சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள். மூக்கு வெளியே தெரியணும், தாடை நெஞ்சில் மடங்கக் கூடாது.

ராத்திரி எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) பிரியமாகக் கணப்புச் சட்டியில் கரி போட்டு அறைக்குள் கொண்டுவந்து வைத்தார். "புள்ளைக்குக் குளிரும் சாமி" என்றார். எடுக்கச் சொல்ல மனசு வரவில்லை, ஆனாலும் எடுத்து வெளியே வைத்தேன். மூடிய அறையில் கரி எரிந்தால் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரும். தூக்கத்திலேயே உயிர் போய்விடும். பெரியவர்கள் கோபித்துக்கொண்டாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இருமல், சளி வந்தால் ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தைக்குத் தேன் வேண்டாம். காய்ச்சல் மருந்தை டாக்டரிடம் எடைக்கேற்ற அளவு கேட்டுச் சீசாவிலேயே எழுதிக் கொண்டுபோங்கள். மூச்சு வேகமாக இழுத்தாலோ, விலா உள்ளே குழிந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தோட்டத்துக்குள் சிக்னல் கிடைக்காது. எந்த மேட்டில் நின்றால் 108-க்குப் பேச முடியும், ராத்திரி யார் வீட்டு ஜீப் வரும் என்று போன அன்றே விசாரித்துவிடுங்கள்.

இறங்கும்போது காது அடைத்து அழும். தூங்கவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பாலோ தண்ணீரோ விழுங்க வையுங்கள். பத்தாவது வளைவு தாண்டியதும் ஸ்வெட்டரைக் கழற்ற மறந்துவிடாதீர்கள்.