பிவிசி ஸ்ட்ரெட்ச் சீலிங்: சுருக்கம் விழாமல் மாட்ட

ஸ்ட்ரெட்ச் சீலிங் என்பது கூரைக்குக் கீழே சூடாக்கி இழுத்து மாட்டும் மெல்லிய பிவிசி பிளாஸ்டிக் ஷீட். முதலில், கூரையின் மிகத் தாழ்ந்த மூலையிலிருந்து குறைந்தது 4 செ.மீ. கீழே லேசர் லெவலால் சுற்றிலும் கோடு போடுங்கள். டவுன்லைட் (சீலிங்கில் பதிக்கும் விளக்கு) வைப்பதானால் அதன் உயரத்தையும் கூட்டுங்கள். ஷீட்டின் ஓரத்தைப் பிடிக்கும் அலுமினியச் சட்டமான ப்ரொஃபைலை அந்தக் கோட்டில் சுவரோடு பொருத்த 10–15 செ.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ. இதில் கஞ்சம் கூடாது: ஷீட் அறையைவிட சுமார் 7 சதவீதம் சிறிதாகவே வரும், சூடாக்கி மாட்டியபின் ஆறும்போது சுவரையே இழுக்கும். பூச்சு உதிரும் சுவரென்றால் ப்ரொஃபைல் பெயர்ந்து வந்துவிடும்.

வயரிங்கையும் விளக்குத் தாங்கிகளையும் முடித்தபின், ஹீட்டரால் அறையைச் சுமார் 60 டிகிரிக்குச் சூடாக்கி எதிரெதிர் மூலைகளை மாட்டுங்கள். பிறகு பக்கங்களின் நடுப்பகுதி. ஒரே பக்கமாக மாட்டிக்கொண்டு போனால் கடைசி மூலையில் சுருக்கம் நிற்கும்.

விளக்குத் துளைக்கு பிளாஸ்டிக் வளையத்தை ஒட்டி, பசை காய்ந்தபின் அதன் உள்ளே வெட்டுங்கள். வளையமில்லாமல் கத்தி வைத்தால் கிழிசல் சரசரவென ஓடும். ஹாலோஜன் சூட்டில் ஷீட் தளரும். எல்இடி மட்டும் போடுங்கள்.