எடை இயந்திரத்தின் எண்ணை எப்படிப் படிப்பது?

உணவுக் கட்டுப்பாடு தொடங்கியவர்கள் நாள்தோறும் காலையில் சிறுநீர் கழித்த பின், தண்ணீர்கூடக் குடிக்காமல் எடை பார்த்துக் குறித்துக்கொண்டு, ஏழு எண்களின் சராசரியை மட்டும் முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிட வேண்டும். முதல் வாரத்து இறக்கத்தைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது.

கல்லீரலிலும் தசைகளிலும் சுமார் அரை கிலோ கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து சேமிக்கப்பட்டிருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. உணவைத் திடீரென்று கடுமையாகக் குறைத்தால் அந்தச் சேமிப்பு செலவாகி, நீரும் வெளியேறுவதால், சில நாட்களில் ஒன்றிரண்டு கிலோ குறைந்ததாகத் தெரியும்; வழக்கமான உணவுக்குத் திரும்பியதும் அந்த எடை விரைவிலேயே திரும்பிவிடும். கொழுப்பின் கணக்கு வேறு. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருப்பதால், தினமும் 500 கலோரி குறைத்து உண்பவருக்கு வாரத்துக்கு அரை கிலோ அளவில் குறைவதே இயல்பு. இதை அறியாமல், இரண்டாம் வாரத்தில் வேகம் தணிந்ததும் மனம் சோர்ந்து, பலன் தந்துகொண்டிருக்கும் முறையைப் பலர் கைவிடுவதுதான் எனக்கு வருத்தமளிக்கிறது.

மாதவிடாயை ஒட்டிய நாட்களில் உடலில் நீர் தேங்கும் என்பதால், பெண்கள் வாரச் சராசரியைவிட மாதச் சராசரியை நம்புவது நல்லது. கர்ப்பிணிகளுக்கும், இதய அல்லது சிறுநீரக நோயால் உடலில் நீர் கோப்பவர்களுக்கும், எடை எண்ணே மன உளைச்சலாகிவிடுபவர்களுக்கும் இந்த முறை பொருந்தாது. மருத்துவர் கண்காணிப்பில் நாளொன்றுக்கு 800 கலோரி அளவிலான உணவு முறையைப் பின்பற்றும் நீரிழிவு நோயாளிகள், மருந்தளவையும் அவரிடமே கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்; இன்சுலின் போடுபவர்களுக்கு இது தள்ளிப்போடக் கூடாத விஷயம்.