மழைக்காலத்தில் ட்ரிப் சுவிட்சை விழுத்தும் ஹொட் பிளேட்

2022 இல் எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது மலையகத்தில் பல வீடுகளுக்குள் வந்த மின்னடுப்பு, சிலிண்டர் மீண்டும் தாராளமாகக் கிடைத்ததும் அலுமாரியின் மேலோ கட்டிலின் அடியிலோ ஒதுங்கிவிட்டது. மாதக்கணக்கில் அப்படிக் கிடந்த அடுப்பை ஜூன் மாத மழையில் எடுத்துச் செருகினால், தட்டு சூடேறுவதற்கு முன்பே, மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீடு இருண்டுவிடுகிறது. தட்டைச் சூடேற்றும் கொயில் எரிந்துவிட்டது என்று முடிவுகட்டிப் புதிய அடுப்பு வாங்கப் புறப்படுபவர்கள் பலர். ஆனால் கொயில் அறுந்தால் அடுப்பு சூடாகாதே தவிர, பொதுவாக ட்ரிப் சுவிட்ச் விழாது. எங்கள் பக்கத்தில் அதை விழுத்துவது பெரும்பாலும் ஈரம்.

குழாய் வடிவக் கொயிலின் நடுவே, மின்சாரம் பாய்ந்ததும் சூடேறும் நைக்குரோம் கம்பி செல்கிறது. அதற்கும் வெளிக்குழாய்க்கும் இடையில் மக்னீசியம் ஒட்சைட்டுத் தூள் இறுக்கி நிரப்பப்பட்டிருக்கிறது. வெப்பத்தைக் கடத்தி மின்சாரத்தைத் தடுக்கும் இந்தத் தூளுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமும் உண்டு. குழாயின் முனைகளிலுள்ள அடைப்பு நாளடைவில் வெடித்துவிட்டால், துவைத்த துணி மூன்று நாளாகியும் காயாத நுவரெலியா மூடுபனியில் அந்தத் தூளும் நனைகிறது. அதன் வழியே மின்சாரம் அடுப்பின் உடலுக்குக் கசிந்து ஏர்த் கம்பியில் இறங்குகிறது. வீடுகளில் வழக்கமாகப் பொருத்தப்படும் ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் கசிவுக்கே விழுந்துவிடும்.

அடுப்பைத் திறப்பதற்கு முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது; பிளக்கைக் கழற்றிக் கண்ணெதிரே வைத்துவிட்டு, அடுப்பு நன்றாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சோதனையைப் பிளக்கிலிருந்தே தொடங்குவது நல்லது. 1500 வாற்று அடுப்பு 230 வோல்ற்றில் சுமார் 6.5 அம்பியர் இழுக்கும். அதை மல்டி பிளக்கில் தளர்வாகச் செருகிப் பயன்படுத்தியிருந்தால் பின்களின் அடி பழுப்பேறி, பிளாஸ்டிக் உருகியிருக்கும். அத்தகைய பிளக்கைச் சுரண்டித் திரும்பப் பயன்படுத்தாமல், செம்பு பளபளப்பாகத் தெரியும் இடம்வரை வயரை வெட்டிப் புதிய பிளக்கைப் பூட்ட வேண்டும்: பழுப்பு லைவுக்கு, நீலம் நியூட்ரலுக்கு, பச்சை மஞ்சள் ஏர்த்துக்கு. சதுரப் பின் பிளக்கானால் உள்ளே இருக்கும் ஃபியூஸையும் பார்த்துக்கொள்ளவும்.

அதன் பின்னர் அடுப்பைக் கவிழ்த்து அடித்தகட்டைக் கழற்றலாம். எந்த வயர் எங்கே இருந்தது என்று முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்வது பின்னால் தலைவலியைக் குறைக்கும். என் அடுப்பைத் திறந்தபோது, பொங்கி வழிந்த பருப்புத் தண்ணீர் மஞ்சள் கோடாகக் காய்ந்து கொயிலின் முனைவரை போயிருந்தது. முனையில் வயரைப் பிடித்திருக்கும் உலோகக் கவ்வியான லக் கறுத்து, விரலால் அசைத்ததும் கையோடு வந்துவிட்டது. இப்படிக் கருகிய லக்கை ஈயம் வைத்துப் பற்றவைக்கக்கூடாது, அடுப்பின் சூட்டில் ஈயம் உருகிவிடும். வெப்பம் தாங்கும் புதிய லக்கை இறுக்கி நசுக்கிப் பொருத்துவதே முறை. உள்ளே மாற்றும் வயரும் கண்ணாடி நூல் அல்லது சிலிக்கன் உறையிட்டதாக இருக்க வேண்டும்.

மல்ட்டிமீட்டர் இருந்தால் சந்தேகம் விரைவில் தீரும். அடுப்பு பிளக்கில் இல்லாத நிலையில், குமிழை உச்சத்துக்குத் திருப்பிவிட்டு லைவ், நியூட்ரல் பின்களுக்கிடையில் அளந்தால், 1000 வாற்றுத் தட்டு ஏறத்தாழ 53 ஓமும், 1500 வாற்றுத் தட்டு 35 ஓமும் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் கொயிலோ, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோ அறுந்திருக்கக்கூடும். அடுத்து லைவ் பின்னுக்கும் ஏர்த் பின்னுக்கும் இடையில் மீட்டரின் மிக உயர்ந்த ஓம் அளவில் பார்க்கவும். அங்கே 1 மெகா ஓமுக்கும் குறைவாகக் காட்டினால் கசிவு இருக்கிறது.

ஈரமேறிய கொயிலைக் கழற்றி, விறகடுப்புக்கு மேலே தீ படாத உயரத்தில் ஒரு நாள் முழுக்க வைத்தாலோ, கேக் சுடும் அவனில் 110 பாகை செல்சியஸ் அளவில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தாலோ பெரும்பாலும் உலர்ந்துவிடும். ஆறிய பின் கசிவை மறுபடி அளந்து, எண் 1 மெகா ஓமுக்கு மேல் ஏறியிருந்தால் பூட்டலாம். ஏறாவிட்டால் அதே வாற்றில் புதிய கொயில்தான் வழி. ஏர்த் வயரைக் கழற்றிவிட்டு அடுப்பைப் போட்டால் ட்ரிப் விழாது, ஈரமும் தானாகக் காயும் என்று சிலர் சொல்லிக் கொடுப்பதுண்டு. அப்போது கசிவு நிற்பதில்லை. கரண்டியோடு அடுப்பைத் தொடுபவரின் உடல் வழியே இறங்குகிறது. ஏர்த் இல்லாத பழைய லயன் வீடுகளில் உலோக அடுப்பைப் பயன்படுத்துவதற்கு முன் வயரிங்கைச் சரிபார்ப்பித்துக்கொள்ளவே வேண்டும்.

அடுப்பு வேலை செய்தும் சமையல் நேரமெடுக்கிறது என்றால், அதைக் கழற்ற அவசரப்பட வேண்டாம். மாலையில் மின்னழுத்தம் 190 வோல்ற்றுக்கு இறங்கினால் 1000 வாற்று அடுப்பு 680 வாற்று அளவுக்குத்தான் வேலை செய்யும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகத் தாமதமாவதும் இயல்பே. ஆனால் குமிழை எங்கே திருப்பினாலும் தட்டு முழுச் சூட்டிலேயே நின்றால் தெர்மோஸ்டாட்டை மாற்ற வேண்டும்.

கண்ணாடித் தட்டு கீறலிட்டிருந்தால் அந்த அடுப்பைப் பயன்படுத்தவே கூடாது. இண்டக்சன் அடுப்பை வீட்டில் திறக்கவும் வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் கப்பாசிட்டரில் 300 வோல்ற்றுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.

எல்லாவற்றையும் பூட்டிய பின், ட்ரிப் சுவிட்ச் உள்ள வீட்டில், ஏர்த்துள்ள சுவர்ப் பிளக்கில் நேரடியாகச் செருகி, ஒரு சட்டி தண்ணீரை வைத்துப் பத்து நிமிடம் ஓட விடவும். பிறகு அணைத்து, பிளக்கைக் கழற்றி அதன் பின்புறத்தைத் தொட்டுப் பார்க்கவும். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடென்றால் பிளக்கின் திருகாணி இன்னும் தளர்வாகவே இருக்கிறது, அல்லது சுவர்ப் பிளக்கே தேய்ந்துபோயிருக்கிறது.