நகரம் கொந்தளிக்கும் நாட்களில் கண்காணிப்பு மேசையில் நடக்கும் தவறுகள்

கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலர் ஒருவரால் கொல்லப்பட்ட மூன்றாம் நாள், 2020 மே 28 இரவு, ஆர்ப்பாட்டங்களுக்கு நடுவே, அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் மூன்றாம் சரகக் காவல் நிலையம் தீக்கிரையானது. அதே நாளில் நகர நிர்வாகத்தின் சில இணையதளங்கள், போலிக் கோரிக்கைகளைக் குவித்துத் தளத்தைத் திணறடிக்கும் சேவை மறுப்புத் தாக்குதலில் முடங்கின. மாலைக்குள் பேருந்தும் ரயிலும் நின்றுபோயின. இவற்றுக்கு நடுவே வேலைக்குப் போய்ப் பத்திரமாக வீடு திரும்ப வேண்டிய மக்கள் இருந்தார்கள். அவர்களுக்காகத்தான், நடப்பதைக் கவனித்து ஊழியர்களுக்கு எச்சரிக்கை அனுப்பும் கண்காணிப்பு மேசை என்ற ஒன்று இருக்கிறது. மருத்துவமனையில் இருந்தாலும், தொண்டு நிறுவனத்தில் இருந்தாலும், சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க அலுவலகங்களைப் பார்த்துக்கொள்ளும் இரவுப் பணியாக இருந்தாலும் அது மாறாது.

அந்த மேசையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றே: எந்த முடிவுக்காகப் பார்க்கிறோம் என்பது மறந்துபோவது. "இரவு 7 மணி ஷிப்டுக்கு நர்ஸ்கள் எந்த வழியாக வரலாம்?", "நாளைக் காலை கிளையைத் திறக்கலாமா?", "இணையதளத்துக்குக் கூடுதல் பாதுகாப்பு இப்போதே வேண்டுமா?" என்று ஐந்தாறு கேள்விகளைத் தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவிடுங்கள். இவற்றில் எதற்கும் பதில் தராத தகவலைத் தேட வேண்டாம், சேமிக்கவும் வேண்டாம்.

ஹேஷ்டேக்கை நிகழ்வாக எடுத்துக்கொள்வது

2020 ஜூன் 1 அதிகாலையில், வாஷிங்டன் நகரின் தொலைத்தொடர்பு முழுவதும் துண்டிக்கப்பட்டுவிட்டதாக ட்விட்டரில் ஒரு ஹேஷ்டேக் கிளம்பியது. ஏறத்தாழ 35,000 கணக்குகளிலிருந்து 5 லட்சம் பதிவுகள். நினைவுத் தூணின் அருகே தீ கொழுந்துவிட்டு எரியும் படமும் சேர்ந்து சுற்றியது. அந்தப் படம் ஒரு தொலைக்காட்சித் தொடரின் காட்சி. நகரில் இணைப்பு துண்டிக்கப்படவே இல்லை. இணையத் தடைகளை அளந்து வெளியிடும் நெட்பிளாக்ஸ் அமைப்பும் அப்படி எதுவும் நடந்ததற்கான அடையாளம் இல்லை என்றது.

இதைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். வாஷிங்டனில் உள்ள உங்கள் சொந்த ரவுட்டருக்கு ஒரு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு சமிக்ஞை) அனுப்புங்கள், அங்குள்ள ஊழியர் ஒருவருக்கு ஒரு போன் போடுங்கள். 5 லட்சம் பதிவுகளைப் படிப்பதைவிட அந்தப் பதிலுக்கு எடை அதிகம். பதிவுகளின் எண்ணிக்கை ஒரு செய்தி எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதைத்தான் காட்டும். அது உண்மையா என்பதைக் காட்டாது.

ஆதாரங்களை எண்ணும்போதும் இதே சறுக்கல்தான். பத்துப் பேர் பகிர்ந்த ஒரே வீடியோ ஓர் ஆதாரம், பத்து அல்ல. இரண்டாவது ஆதாரம் என்றால் வேறொருவர் வேறொரு கோணத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். வீடியோ கையில் கிடைத்ததும் அதன் மிகப் பழைய பதிவைத் தேடுங்கள். தொடக்கம், நடு, முடிவு என மூன்று ஃப்ரேம்களை எடுத்துப் படத்தேடலில் போடுங்கள். கடைப் பலகையையும் தெருமுனையையும் ஸ்ட்ரீட் வியூவோடு ஒப்பிடுங்கள். வெளிச்சமும் மழை ஈரமும் சொல்லப்படும் நேரத்துக்குப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஐந்து நிமிடத்தில் பிடிபடவில்லையென்றால் "உறுதியாகவில்லை" என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

வதந்தியை அப்படியே மேலே தள்ளிவிடுவதன் விலையை அந்த வாரமே காட்டியது. ஆன்டிஃபா எனப்படும் பாசிச எதிர்ப்பு இயக்கத்தின் ஆட்கள் பேருந்து பேருந்தாக ஊர்களுக்குள் வருகிறார்கள் என்ற பேச்சு நாடெங்கும் பரவியிருந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் ஃபோர்க்ஸ் என்ற சிற்றூருக்கு ஒரு குடும்பம் பழைய பள்ளிப் பேருந்தில் முகாமிட வந்தது. அவர்களைக் கலவரக்காரர்கள் என்று நினைத்துப் பின்தொடர்ந்தார்கள். மரங்களை வெட்டிச் சாய்த்துப் பாதையை அடைத்தார்கள். உள்ளூர் மாணவர்கள் சிலர் ரம்பத்தோடு வந்து வழி திறந்த பிறகே அந்தக் குடும்பத்தால் வெளியேற முடிந்தது. ஆன்டிஃபா பெயரில் வன்முறைக்கு அழைத்துக்கொண்டிருந்த ஒரு ட்விட்டர் கணக்கு, உண்மையில் வெள்ளையினவாதக் குழுவொன்றோடு தொடர்புடையது என்று சொல்லி அந்நிறுவனம் அதே நாட்களில் நீக்கியது. ஒரு கணக்கின் பெயரை வைத்து அதன் பின்னால் இருப்பவர் யார் என்று ஒருபோதும் முடிவு கட்டாதீர்கள்.

நேரமும் வட்டமும்

மே 29 அன்று மினியாபோலிஸில் ஊரடங்கு இரவு 8 மணிக்குத் தொடங்கியது. சென்னையில் அது மே 30 காலை 6.30. "இன்றிரவு ஊரடங்கு" என்று ஓர் எச்சரிக்கை சென்னையிலிருந்து போனால், அது எந்த இரவு? எல்லாப் பதிவுகளையும் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் எழுதி, எச்சரிக்கையில் மட்டும் சம்பவ ஊரின் நேரத்தைத் தேதியோடு போடுங்கள். சமூக ஊடகம் திரையில் காட்டும் நேரம் உங்கள் கணினியின் நேரம் என்பதும் பலருக்குத் தாமதமாகத்தான் உறைக்கிறது.

அலுவலகத்தை நடுவில் வைத்து வரைபடத்தில் இரண்டு கிலோமீட்டர் வட்டம் போடுவது இன்னொரு பழக்கம். கூட்டம் வட்டமாக நகர்வதில்லை, சாலை வழியாக நகர்கிறது. மினியாபோலிஸில் சேதம் லேக் ஸ்ட்ரீட் நெடுகப் பரவியது. பக்கத்து நகரமான செயின்ட் பாலில் யுனிவர்சிட்டி அவென்யூவில் பரவியது. ஆகவே வட்டத்துக்குப் பதிலாகச் சாலைகளைக் குறியுங்கள்: உங்கள் கட்டடத்துக்கு வரும் வழிகள், அவற்றை வெட்டும் கடைவீதிகள், பாலங்கள், பேருந்து நிறுத்தங்கள். ஆர்ப்பாட்டம் மூன்று மைல் தள்ளி நடந்தாலும், பேருந்து நின்றுவிட்டால் உங்கள் ஊழியர் இருட்டில் நடந்துதான் வீடு போவார். அந்த ஆபத்து வட்டத்துக்குள் வராது.

காவல்துறை வானொலியைக் கேட்பவர்களுக்கு ஒன்று. அதில் வருவது "யாரோ அழைத்துச் சொன்னது", நடந்தது அல்ல. "துப்பாக்கிச் சத்தம்" என்று வந்த அழைப்பு பட்டாசாக முடிவது சாதாரணம். வண்டி அந்த இடத்தை அடைந்து திருப்பிச் சொல்லும் வரை அதை எச்சரிக்கையாக்காதீர்கள்.

தளம் படுத்துவிட்டால் உடனே "தாக்குதல்" என்பது

நெருக்கடி நேரத்தில் ஒரு நகராட்சித் தளமோ மருத்துவமனைத் தளமோ திணறினால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று தாக்குதல். மற்றது ஊரடங்கு அறிவிப்பைப் பார்க்க ஊரே ஒரே நேரத்தில் வந்து குவிவது. தீர்வு வேறுபடும் என்பதால் முதலில் சர்வர் லாகை, அதாவது வந்த கோரிக்கைகளின் பதிவை, திறக்க வேண்டும்.

மக்கள் கூட்டமென்றால் கோரிக்கைகள் அறிவிப்புப் பக்கத்தைச் சுற்றியே இருக்கும். பக்கத்தோடு படங்களும் வடிவமைப்புக் கோப்புகளும் சேர்ந்து கேட்கப்பட்டிருக்கும். பிரவுசர்களும் போன் வகைகளும் கலந்திருக்கும், ஐபி முகவரிகளில் பெரும்பங்கு உள்ளூர் செல்பேசி நிறுவனங்களுடையதாக இருக்கும். தாக்குதலென்றால் பெரும்பாலும் பக்கம் மட்டும் கேட்கப்பட்டிருக்கும், படம் ஒன்றுகூட இறங்கியிருக்காது. முகவரியின் வாலில் கேள்விக்குறிக்குப் பின் ஒவ்வொரு முறையும் மாறும் எழுத்துக்குவியல் ஒட்டியிருக்கும். கேஷ் எனப்படும் சேமித்த நகலைத் தாண்டி மூல சர்வரையே அடிக்கத்தான் அந்த வால். சில வேளைகளில் இரண்டும் ஒன்றாகவே நடக்கும்.

முன்னேற்பாடு இரண்டுக்கும் உதவும். அவசர அறிவிப்புக்கென்று டேட்டாபேஸைத் தொடாத எளிய பக்கம் ஒன்றைத் தயாராக வையுங்கள். சிடிஎன்னில் (உங்கள் சர்வருக்கு முன்னே நின்று பக்கத்தின் நகலைத் தரும் இடைச் சேவை) 60 விநாடி கேஷ் போதும், கேள்விக்குறிக்குப் பின் வருவதைக் கேஷ் கணக்கில் எடுக்காதபடி அமையுங்கள். மூல சர்வரின் ஃபயர்வாலில் சிடிஎன்னின் ஐபி தொகுதிகளை மட்டும் அனுமதியுங்கள். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். சிடிஎன் போட்ட பிறகும் மூல சர்வரின் ஐபியை மாற்றுவதில்லை. தளத்தின் பெயரை ஐபியோடு இணைக்கும் பழைய டிஎன்எஸ் பதிவுகளில் அது யாருக்கும் கிடைக்கும், தாக்குபவர் நேராக வாசலுக்கே வந்துவிடுவார். டிஎன்எஸ் டிடிஎல் (பழைய மதிப்பை மற்ற கணினிகள் வைத்திருக்கும் நேரம்) 86,400 விநாடி என்று இருந்தால், ஒரு நாள் முன்பே 300-க்குக் குறைத்துவிடுங்கள். சம்பவத்தன்று குறைத்தால் பழைய மதிப்பு காலாவதியாக ஒரு முழு நாள் ஆகும். பதற்றத்தில் "வெளிநாட்டு ஐபிகள் எல்லாவற்றையும் தடு" என்று விதி போடுவதும் ஆபத்து: கவலையோடு தகவல் தேடும் உறவினர்களும், சென்னையிலிருக்கும் உங்கள் குழுவினருமே வெளியே நிற்பார்கள்.

சிறிய அமைப்புகள் தங்களை யாரும் தாக்க மாட்டார்கள் என்று நினைக்கின்றன. 2020 ஏப்ரலில் கிட்டத்தட்ட தாக்குதலே இல்லாமல் இருந்த இனவெறி எதிர்ப்பு அமைப்புகளின் தளங்களில் ஒன்றின் மீது மட்டும், மே இறுதியில் விநாடிக்கு 20,000 கோரிக்கைகள் வரை பாய்ந்ததாக, தளங்களைப் பாதுகாக்கும் நிறுவனமான கிளவுட்ஃபிளேர் பதிவு செய்தது.

எல்லோரும் தளத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது லாகின் பதிவுகளை ஒருவராவது பார்க்க வேண்டும். ஒரே பாஸ்வேர்டை நூறு கணக்குகளில் ஒவ்வொரு முறை மட்டும் முயன்றால் எந்தக் கணக்கும் பூட்டாது. கணக்கு வாரியாகப் பார்த்தால் கண்ணில் படாது, ஐபி வாரியாகத் தோல்விகளை அடுக்கினால் பளிச்சென்று தெரியும். இன்பாக்ஸும் அப்படித்தான். 2020 ஜூனில், கறுப்பினத்தவர் உரிமை இயக்கத்தின் பெயரால், "பிளாக் லைவ்ஸ் மேட்டர் பற்றி உங்கள் பெயர் தெரியாமல் வாக்களியுங்கள்" என்ற மின்னஞ்சல் வேர்டு கோப்போடு வந்தது. கோப்பிலிருந்த மேக்ரோவை (தானாக இயங்கும் கட்டளைத் தொகுப்பை) அனுமதித்தவர்களின் கணினியில் டிரிக்பாட் என்ற தீநிரல் இறங்கியது. ஊர் எதைப் பற்றிப் பேசுகிறதோ அதே பேச்சில்தான் தூண்டிலும் வரும்.

"ஹேக் செய்துவிட்டோம்" என்றதும் நம்புவது

மினியாபோலிஸ் காவல்துறையை அனானிமஸ் என்ற ஹேக்கர் கூட்டம் ஹேக் செய்துவிட்டதாக மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் கொண்ட ஒரு பட்டியல் சுற்றியது. பாதுகாப்பு ஆய்வாளர் டிராய் ஹன்ட் அதைப் பிரித்துப் பார்த்தார். அதிலிருந்த தனித்த முகவரிகளில் ஏறத்தாழ 95 விழுக்காடு பழைய கசிவுகளில் ஏற்கெனவே வெளியானவை. யாரோ பழைய குப்பையிலிருந்து அந்த டொமைனைச் சலித்து எடுத்துப் புதிதாகப் பொட்டலம் கட்டியிருந்தார்கள். உங்கள் அமைப்பின் பெயரில் பட்டியல் வந்தால் இதே வழியில் போங்கள்: முகவரிகளை, பழைய கசிவுகளைத் தேடித் தரும் ஹேவ் ஐ பீன் போன்ட் தளத்தின் டொமைன் தேடலோடு ஒப்பிடுங்கள், வேலையை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள், பாஸ்வேர்டுகள் உங்கள் அமைப்பின் விதிக்குப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஆறெழுத்து பாஸ்வேர்டை உங்கள் சர்வர் ஏற்காது என்றால் அது உங்களிடமிருந்து போயிருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் பட்டியலில் உள்ளவர்களின் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள். பழையதையே பிடித்துக்கொண்டிருப்பவர் நிச்சயம் சிலர் இருப்பார்கள்.

ஒரே கயிற்றில் தொங்குவது

2022 ஏப்ரல் 3 அன்று இலங்கையில் நாடு தழுவிய ஊரடங்கின் நடுவே ஃபேஸ்புக், வாட்ஸ்அப், ட்விட்டர், யூடியூப் முதலியவை முடக்கப்பட்டன. பல மணி நேரம் கழித்தே திரும்பின. ஊழியர்களை விசாரிக்க வாட்ஸ்அப் குழு ஒன்றை மட்டும் நம்புகிற எந்த அலுவலகமும் அப்படிப்பட்ட நாளில் குருடாகிவிடும். பெயர், செல்பேசி, வீட்டு எண், பக்கத்து ஊழியர் எண் என அச்சிட்ட பட்டியல் ஒன்று இருக்கட்டும். நெட்வொர்க் நெரிசலில் அழைப்பு போகாதபோதும் எஸ்எம்எஸ் பெரும்பாலும் போய்ச் சேரும். "பத்திரம்" என்றால் 1, "உதவி வேண்டும்" என்றால் 2 என்று முன்பே பேசி வையுங்கள். தடை வந்த நிமிடமே எல்லோரும் தடையைச் சுற்றிச் செல்ல உதவும் விபிஎன் செயலியைத் தேடி ஓடுவார்கள். போலி செயலிகள் காத்திருப்பதும் அங்கேதான். எந்த விபிஎன் என்பதை அமைதியான நாளிலேயே முடிவு செய்து நிறுவிவிடுங்கள்.

ஆட்களைச் சேர்த்து வைப்பது

இந்தத் தவறை மட்டும் மன்னிக்கவே முடியாது. ஆர்ப்பாட்டத்தில் யார் நின்றார்கள், யார் என்ன பதிவிட்டார்கள் என்ற பட்டியல் எந்த நர்ஸையும் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பாது. 2014இல் அமெரிக்காவின் ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞரைச் சுட்ட காவலர் இவர்தான் என்று அனானிமஸ் கணக்கு ஒன்று ஒரு பெயரை வெளியிட்டது. அது சம்பந்தமே இல்லாத ஒருவரின் பெயர். 2020 ஜூன் 19 அன்று, அமெரிக்கக் காவல் அமைப்புகளும் அவற்றிடையே தகவல் பகிரும் இணைப்பு மையங்களும் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த 269 ஜிபி கோப்புகள் ஒரே ஒப்பந்த நிறுவனத்தின் சர்வர் வழியாகக் கசிந்தன. 2022 ஏப்ரலில் இலங்கை அரசின் மீதான கோபத்தில் அனானிமஸ் பெயரில் நடந்த தாக்குதல்களில், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்த முகவர்களின் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் வெளியே கொட்டப்பட்டன. அடி வாங்கியவர்கள் சாதாரண மக்கள்.

இடம், நேரம், என்ன நடந்தது, பாதை திறந்திருக்கிறதா என்பதை மட்டும் எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் முகம் இருந்தால் மறைத்துவிட்டுச் சேமியுங்கள். ஏழு நாளில் தானாக அழியும்படி கோப்புறையை அமையுங்கள். நேரடி மிரட்டல் ஒன்று வந்தால் அது மட்டும் விதிவிலக்கு: இணைப்பு, யூடிசி நேரம், முழுப்பக்கப் பிரதி, அதன் ஷா-256 ஹேஷ் (பிரதி மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) ஆகியவற்றைத் தனியே பூட்டி வைத்து, சட்டப் பிரிவிடம் ஒப்படைக்க வேண்டும்.

எச்சரிக்கையை எழுதும் விதம்

"நகர மையத்தில் பதற்றம், கவனமாக இருக்கவும்" என்ற செய்தியால் யாருக்கும் பயனில்லை. இப்படி எழுதலாம்: "மாலை 6.40, உள்ளூர் நேரம். லேக் ஸ்ட்ரீட், 27ஆவது அவென்யூ சந்திப்பில் சாலை மறிக்கப்பட்டுள்ளது. இரண்டு தனி நேரலைகளில் பார்த்தது, உறுதி. இரவு ஷிப்டுக்கு வருபவர்கள் தெற்கு வாயிலைப் பயன்படுத்தவும். அடுத்த தகவல் 7.10க்கு." மாற்றமில்லை என்றாலும் 7.10க்கு அதைச் சொல்லியே ஆக வேண்டும். தகவல் வராவிட்டால் ஊழியர்கள் மறுபடி ஹேஷ்டேக் பக்கம் போய்விடுவார்கள்.

பொதுமக்களிடம் வீடியோ கேட்பதாக இருந்தால் வெள்ளத்துக்கும் தயாராக இருங்கள். 2020 மே 31 அன்று டாலஸ் காவல்துறை தன் செயலியில் ஆர்ப்பாட்ட வீடியோக்களை அனுப்பச் சொன்னது. கே-பாப் எனும் கொரிய இசையின் ரசிகர்கள் அதற்குப் பதிலாக இசை வீடியோக்களை அனுப்பிக் குவித்தார்கள். செயலி சிறிது நேரம் முடங்கியது. உயிர் ஆபத்துக்கான எண் ஒருபோதும் இந்த வழியோடு கலக்கக் கூடாது.

மேசையில் ஒருவர் தொடர்ந்து எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டாம். வீடியோக்களை ஒலியின்றி, சிறிய சாளரத்தில், தேவைப்பட்டால் கறுப்பு வெள்ளையில் பாருங்கள். இரத்தக் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது மனத்தைச் சிதைக்கும். ஷிப்ட் மாறும்போது திறந்திருக்கும் எச்சரிக்கைகளோடு, திரும்பப் பெற்றவற்றையும் எழுதி ஒப்படையுங்கள். தவறென்று தெரிந்த எச்சரிக்கையைச் சத்தமில்லாமல் அழிக்காதீர்கள்: முதலில் யாருக்கு, எந்த வழியில் போனதோ, அதே ஆட்களுக்கு அதே வழியில், "6.40 தகவல் தவறு, சாலை திறந்திருக்கிறது" என்று போக வேண்டும்.