மொரிஸ் மைனர் முன்பக்கம் துள்ளுகிறதா?
யாழ்ப்பாண வீதிகளில் என் 1959 மொரிஸ் மைனர் கார் தொட்டில் மாதிரி ஆடியது. அதனால் முன்பக்கத்துக்கு டெலஸ்கோப்பிக் ஷொக் (குழாய் வடிவ அதிர்வு தாங்கி) பூட்டினேன்.

முதலில் ஜாக் அடித்து, ஸ்டாண்டில் இருத்தி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். 'டொக்' என்றால் கீழ் ட்ரனியன் (சில்லைத் தாங்கும் தண்டின் அடியில் உள்ள புரி போட்ட மூட்டு) தேய்ந்திருக்கலாம். அதன் புரி விட்டால் ஓடும்போதே சில்லு மடிந்துவிடும். அதை மாற்றாமல் புது ஷொக் போடுவது வீண் செலவு.

சரி, காரோடு வந்த பழைய லீவர் ஷொக்கை (கை ஒன்று மேலும் கீழும் ஆடி இயங்கும் வகை) எறிந்துவிடாதீர்கள். அதன் கைதான் சில்லை மேல்பக்கம் பிடித்திருக்கும் இணைப்பு! உள்ளே வால்வை மட்டும் எடுத்தேன். தண்டு காயாதிருக்க ஓயிலை விட்டுவைத்தேன்.

டோர்ஷன் பாரை (முறுகி ஸ்பிரிங் வேலை செய்யும் நீளக் கம்பி) கழற்றினால் இடது, வலது என்று பெயின்றால் குறியுங்கள். நான் குறிக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். பிறகு, ட்ரனியனுக்குக் கிறீஸ் அடித்துவிட்டுச் சில்லைப் பூட்டுங்கள்.