முதல் பக்கத்திலேயே சறுக்கும் ஆய்வுகள்

போன கிழமை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியில் ஒரு தம்பி மறித்துக் கைபேசியில் ஒரு கோப்பைக் காட்டினார். நாற்பது பக்கம். ஈர்ப்பு, மீக்கடத்துகை (சில பொருள்களில் மின்தடை இல்லாமல் போவது), காலம் மூன்றையும் ஒரே சமன்பாட்டில் அடக்கிவிட்டாராம். "அண்ணை, எங்க பிழை எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றார். வெயில் மண்டையைப் பிளந்தது. பக்கத்துக் கடையில் இரண்டு பிளேன்ரீ சொல்லிவிட்டு முதல் பக்கத்தைப் பார்த்தேன். சமன்பாட்டின் இடப்பக்கம் சக்தி, வலப்பக்கம் விசை. இரண்டுக்கும் அலகே வேறு. மிச்ச முப்பத்தொன்பது பக்கத்துக்கும் வேலையில்லாமல் போயிற்று.

அவரைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. முதுமாணி ஆய்வில் நான் செய்தது இதைவிட மோசம். உயர்தரத்தில் நாம் படிப்பதெல்லாம் மீற்றர், கிலோகிராம், காந்தப்புலத்துக்கு டெஸ்லா. வானியற்பியல் கட்டுரைகளில் பாதிக்கு மேல் சென்ரிமீற்றர், கிராம், காஸ். மிகைக் காந்தப்புலம் கொண்ட நியூத்திரன் விண்மீன்களுக்கு (பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சும் அடர்ந்த கரு) 10¹⁵ காஸ் என்று போட்டிருந்ததை நான் டெஸ்லா என்று எடுத்துக்கொண்டேன். ஒரு டெஸ்லா 10,000 காஸ். காந்த அமுக்கம் புலத்தின் வர்க்கத்தோடு போவதால், என் விடை பத்துக் கோடி மடங்கு பிழை. இரண்டு மாதமாக வரைபடம் கீறிக்கொண்டிருந்தேன். மேற்பார்வையாளர் கேட்டது ஒரே கேள்வி: "எந்த அலகு?" இலக்கத்தை மட்டும் மாற்றினாலும் போதாது, சூத்திரமும் மாறும். காஸில் 8π வரும் இடத்தில் டெஸ்லாவில் 2μ₀ வரும்.

எங்களுக்கென்றே இன்னொரு பொறி உண்டு. தமிழகத்து நூல்களையும் காணொளிகளையும் பார்த்துப் படிக்கும் பிள்ளைகள் சொல்லில் தடுக்கி விழுகிறார்கள். எங்கள் பாடநூலில் திணிவு என்பது அங்கே நிறை. எங்கள் நிறை அங்கே எடை. எங்கள் கதி அங்கே வேகம், எங்கள் வேகம் அங்கே திசைவேகம். சக்தி அங்கே ஆற்றல், வலு அங்கே திறன். எது சரி என்று சண்டை பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் குறிப்புக் கொப்பியின் முதல் தாளில் எந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று எழுதி வையுங்கள். வலுவைக் கேட்ட கணக்குக்குச் சக்தியைக் கொடுத்த பிள்ளையை நான் கண்டிருக்கிறேன்.

சரி, மீக்கடத்துகைக்கு வருவோம். 1911இல் லைடன் நகரில் காமர்லிங் ஒன்னெஸ் இரசத்தை (பாதரசத்தை) 4.2 கெல்வினுக்குக் குளிர்த்தியபோது அதன் தடை சட்டென்று காணாமல் போயிற்று. அதனால் "தடை பூச்சியம் என்றால் மீக்கடத்தி" என்று பலருக்கு மனதில் பதிந்துவிட்டது. அந்தப் பாதி உண்மைதான் ஆளைக் கவிழ்க்கிறது. மின்னழுத்த வேறுபாட்டை அளக்கும் கம்பி மாதிரியிலிருந்து கழன்றுவிட்டாலும் மானி பூச்சியம் காட்டக்கூடும். மாதிரிக்குள் வேறொரு கடத்தும் பொருள் கலந்திருந்தால் தடை திடீரென்று சரியும். உறுதியான சாட்சி 1933இல் மைஸ்னரும் ஒக்சன்ஃபெல்டும் கண்டது: காந்தப்புலத்தில் வைத்துக் குளிர்த்தினால் மீக்கடத்தி புலத்தை வெளியே தள்ளும். வெறுமனே தடையில்லாத கடத்தி ஒன்று இருந்தால் அது உள்ளே இருந்த புலத்தை அப்படியே பிடித்து வைத்திருக்கும், தள்ளாது. வெப்பக் கொள்ளளவில், மீக்கடத்தியாக மாறும் அந்த மாறுநிலை வெப்பநிலையில், ஒரு பாய்ச்சலும் தெரிய வேண்டும். இந்த மூன்றும் ஒரே வெப்பநிலையைக் காட்டினால்தான் வாயைத் திறக்கலாம்.

2023 ஜூலையில் தென்கொரியாவிலிருந்து எல்.கே.-99 என்ற பொருள் வந்தபோது எங்கள் வட்டாரத்திலும் இரவிரவாகக் காணொளி பார்த்தார்கள். அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்தி என்றார்கள். காந்தத்தின் மேல் ஒரு துண்டு மிதப்பதுபோல் நின்றது, ஆனால் அதன் ஒரு ஓரம் காந்தத்தைத் தொட்டபடியே இருந்தது. தடை சுமார் 104 பாகை செல்சியசில் விழுந்தது. அந்த வெப்பநிலையில் அமைப்பு மாறும் செப்புச் சல்பைட்டு மாதிரிக்குள் கலந்திருந்தது. ஒரு சில கிழமைக்குள் கதை முடிந்தது. தூய பளிங்கை (படிகத்தை) செய்து பார்த்தவர்களுக்கு அது மின்கடத்தாப் பொருளாகவே நின்றது. முதலில் ஏமாந்தவர்களில் நானும் ஒருவன், மறைக்கவில்லை.

இதற்குப் பக்கத்து வீட்டுப் பிழை ஒன்று உண்டு. மீக்கடத்தி என்றால் கடுங்குளிர் என்று நினைப்பது. எங்கள் ஊரில் மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவர் கொண்டுவரும் குடுவையில் இருப்பது திரவ நைதரசன், 77 கெல்வின். 1987இல் கண்டுபிடித்த இட்ரியம், பேரியம், செம்பு ஒட்சைட்டு 93 கெல்வினிலேயே மீக்கடத்தியாகிவிடும் என்பதால் அந்தக் குடுவையே அதற்குப் போதும். இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது நியூத்திரன் விண்மீன். சூரியனைவிடக் கூடிய திணிவு, குறுக்களவோ ஏறக்குறைய யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் தூரம். உள்ளே வெப்பநிலை பத்துக் கோடி கெல்வின் அளவு. துகள்கள் சோடி சேர்வதால்தான் மீக்கடத்துகை வருகிறது; அங்கே புரோத்தன்கள் சோடி சேர்ந்து மீக்கடத்தியாக இருக்கும் என்றே கோட்பாடு சொல்கிறது. எப்படி? பத்துக் கோடி கெல்வின் என்பது சக்தியில் சுமார் 10 கிலோ இலத்திரன் வோல்ட். சோடியைப் பிரிக்கத் தேவையானதோ மெகா இலத்திரன் வோல்ட் அளவில். அந்தச் சோடிக்கு அது மார்கழிப் பனி மாதிரி. "குளிர்" என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் "எதோடு ஒப்பிட்டு" என்று கேளுங்கள்.

ஆனால் இதை வாசித்துவிட்டு 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் உலோகங்களின் மீக்கடத்துகைக்கு எழுதிய கோட்பாட்டை அப்படியே தூக்கி விண்மீனுக்குள் போடுவதும் பிழை. உலோகத்தில் இலத்திரன்களைச் சேர்த்து வைப்பது பளிங்குச் சாலகத்தின் (ஒழுங்காக அடுக்கிய அணுக்களின்) அதிர்வு. நியூத்திரன் விண்மீனின் மையத்தில் பளிங்கே கிடையாது, அங்கே சேர்த்து வைப்பது அணுக்கரு விசை. கணிதம் உறவு, காரணம் வேறு. இந்தக் கதைக்கு வானத்திலிருந்து சாட்சியும் உண்டு. நொடிக்குப் பதினொரு தடவை சுழலும் வேலா துடிவிண்மீன் (இதுவும் ஒரு நியூத்திரன் விண்மீன்தான்) 1969இல் திடீரென்று ஒரு துளி வேகம் கூடியது. உள்ளே உராய்வின்றிச் சுழலும் நியூத்திரன் மிகைப்பாய்மம் தன் சுழற்சியில் கொஞ்சத்தை மேலோட்டுக்குக் கொடுத்ததால் வந்த துள்ளல் என்பதே பொதுவான விளக்கம்.

வானத்தை அளக்கிறவர்களுக்கு நடுவில் நிற்கும் தூசி தெரிவதில்லை. 2014 மார்ச்சில் தென்துருவத்து பைசெப்-2 தொலைநோக்கிக் குழு அண்டத்தின் தொடக்ககால ஈர்ப்பலைகளின் தடத்தைக் கண்டதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு பிளாங்க் செய்மதித் தரவையும் சேர்த்துப் பார்த்தபோது, எங்கள் பால்வீதியின் தூசியைக் கழித்ததும் உறுதியாக எதுவும் மிஞ்சவில்லை. அவர்களின் கருவி அருமையான கருவி. கழிக்க வேண்டியதைக் குறைத்து மதித்ததுதான் பிரச்சினை.

கட்டுரை நிராகரிக்கப்பட்டவர்கள் வானியற்பியலாளர் சந்திரசேகரை இழுப்பது இன்னொரு வழக்கம். "எடிங்டன் அவரையும் எதிர்த்தாரே!" அந்த நாளின் பெரிய வானியலாளர் எடிங்டன் எதிர்த்தார், 1935இல், இலண்டன் வானியல் சபையில் வைத்து. ஆனால் 19 வயதில் கப்பலில் போகும்போது சந்திரசேகர் செய்தது பழைய பௌதிகத்தைத் தூக்கி எறிவதல்ல. வெண்குறுமீனுக்கு (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்) ஃபௌலர் என்ற பௌதிகவியலாளர் போட்டிருந்த கணக்கில், இலத்திரன்கள் ஒளியின் கதியை நெருங்குவதையும் சேர்த்தார். சிறிய திணிவுக்கு ஃபௌலரின் விடை அப்படியே திரும்பி வந்தது. இதை யாரும் சரிபார்க்கலாம். உங்கள் புதிய சமன்பாடு மெதுவான வேகத்தில் நியூட்டனைத் திருப்பித் தருகிறதா? அரைப் பக்க வேலை.

கேள்வியும் சின்னதாக இருக்கட்டும். இலங்கைத் தமிழரான கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர் கேம்பிரிட்ஜில் பௌதிகவியலாளர் டிராக்கிடம் படித்தவர். அவர் எடுத்தது, கதிர்வீசியபடி நகரும் ஒரு மின்னேற்றத் துகள் எப்படிப் போகும் என்பது. நேர்கோட்டில் புரோத்தனை நோக்கிப் போகும் இலத்திரன், டிராக்கின் சமன்பாட்டின்படி, புரோத்தனை அடையாமலே திரும்பிவிடும் என்று 1943இல் காட்டினார். ஒரு இலத்திரன், ஒரு நேர்கோடு, குருவின் சமன்பாட்டிலேயே ஒரு வில்லங்கம். இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள்.

அப்புறம், "மதிப்புக்குரிய பேராசிரியரே, உங்கள் கட்டுரையை ஐந்து நாளில் பிரசுரிக்கிறோம்" என்று மின்னஞ்சல் வந்து கடைசி வரியில் டொலர் கேட்டால் அழித்துவிடுங்கள். ஆய்வுக் கட்டுரைகளைப் போட்டு வைக்கும் ஆர்க்சைவ் தளத்தில் வாசிப்பது இலவசம், போடுவதும் இலவசம். முதல் தடவை போட, அந்தத் துறையில் எழுதும் ஒருவரின் ஒப்புதல் தேவைப்படலாம். அவருக்கு நாற்பது பக்கம் அனுப்பாதீர்கள். அலகு சரிபார்த்த இரண்டு பக்கம் போதும். அந்தத் தம்பி இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார், மூன்றாவது தடவையாக.