வீட்டில் தெலுங்கு, அங்கன்வாடியில் தமிழ்: விளையாட்டின் வழியே கற்பித்தல்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூர், வேப்பனப்பள்ளிப் பகுதிகளில் தெலுங்கும், தளி, அஞ்செட்டிப் பகுதிகளில் கன்னடமும் பேசும் வீடுகளிலிருந்து வரும் மூன்று வயதுக் குழந்தைகள் பலருக்கு, அங்கன்வாடியில் கேட்கும் தமிழே இரண்டாம் மொழி. அவர்களை வரிசையாக உட்கார வைத்துச் சொற்களை ஒப்பிக்கச் செய்வதைவிட, விளையாட்டுக்குள் தமிழைக் கொண்டுவருவதே பலன் தரும். ஏனெனில் விளையாட்டில் சொல்லின் பொருள் கண்ணெதிரே நடக்கிறது, அதே சொல் சலிப்பின்றித் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது, தவறாகச் சொன்னாலும் ஆட்டம் நின்றுவிடுவதில்லை.

முதலில், வாய் திறக்கத் தேவையில்லாத ஆட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். கல்லா மண்ணா இதற்கு மிகவும் ஏற்றது. பெரிய பிள்ளைகள் ஆடும் விதிகள் வேண்டாம். நீங்கள் "கல்" என்றால் படியில் ஏற வேண்டும், "மண்" என்றால் இறங்க வேண்டும், அவ்வளவுதான். புதிதாகச் சேர்ந்த குழந்தை தொடக்கத்தில் மற்றவர்களைப் பார்த்துத்தான் ஏறும். பிறகு ஒருநாள், மற்றவர்கள் அசையும் முன்பே அதன் கால் படியில் இருக்கும். சொல் புரிந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று. புது மொழிக்கு நடுவே வந்த குழந்தை சில வாரங்களோ சில மாதங்களோ பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு. அந்நாட்களில் "சொல்லு, சொல்லு" என்று வற்புறுத்துவது அறவே கூடாது.

அடுத்தது கடை விளையாட்டு. நான்கைந்து குழந்தைகள் போதும். அவர்களில் இருவராவது வீட்டில் தமிழ் பேசுபவர்களாக இருக்கட்டும், ஏனெனில் பெரியவர்களிடம் பேசத் தயங்கும் குழந்தையும் கூட்டாளியிடம் பேசிவிடும். மாங்காய், தேங்காய்ச் சிரட்டை, காலி டப்பா ஆகியவற்றைப் பரப்பி வையுங்கள். (புளியங்கொட்டை வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்வார்கள்.) "மாங்காய் வேணும்", "எத்தனை?", "இந்தாங்க" என்னும் மூன்று தொடர்களே ஒரு வாரத்துக்குப் போதும். குழந்தை "மாங்காய் காவாலி" என்று தெலுங்கைக் கலந்து கேட்டால், திருத்தாமல், "மாங்காய் வேணுமா? இந்தா" என்று சொல்லிக்கொண்டே கையில் கொடுங்கள். இரண்டு மொழிகளைக் கலந்து பேசுவது குழப்பமன்று. தனக்குத் தெரிந்த அனைத்தையும் கொண்டு குழந்தை பேச முயல்கிறது.

பெற்றோர் வீட்டில் தாய்மொழியிலேயே பேசிக் கதை சொல்லட்டும். அங்கே வலுப்பெறும் மொழியறிவு தமிழுக்கும் துணை நிற்கும். ஆனால் வீட்டில் தாய்மொழியிலும் குழந்தை பேசுவதில்லை, அழைத்தால் திரும்புவதில்லை என்று தாய் சொன்னால், அதைப் புது மொழியின் தயக்கமென்று விட்டுவிடாமல், அங்கன்வாடிக்குப் பரிசோதனைக்கு வரும் மருத்துவக் குழுவிடம் குழந்தையைக் காட்டுங்கள். செவித்திறனை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.